நீறு பூத்த நெருப்பு

2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7-ஆம் தேதி, ஜப்பானின் ஃபுக்குஷிமா தாயிச்சி அணுமின் நிலையத்தில், 2-ஆம் உலையின் அடியிலிருந்து ஒரு சிறு துகள் வெளியே எடுக்கப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 0.7 கிராம். 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் மற்றொரு துகள் எடுக்கப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 0.2 கிராம். அந்த நிலையத்தின் மூன்று உலைகளுக்குள் உருகி உறைந்து கிடக்கும் பொருளின் மொத்த எடையோ ஏறத்தாழ 880 டன் என மதிப்பிடப்பட்டுள்ளது.

அதாவது, விபத்து நடந்து 14 ஆண்டுகளுக்குள் வெளியே வந்தது ஒரு கிராமுக்கும் குறைவு. முழு அளவிலான அகற்றும் பணியை 2037-ஆம் ஆண்டுக்கு முன் தொடங்க இயலாது என்று 2025-ஆம் ஆண்டு ஜூலையில் அந்நிலையத்தின் உரிமையாளரான டெப்கோ நிறுவனம் அறிவித்தது. மனிதர் அருகில் செல்ல முடியாத அளவுக்கு அங்கே கதிர்வீச்சு இருக்கிறது. எந்த வேலையையும் தொலைவிலிருந்து, நீண்ட கருவிகளைக் கொண்டுதான் செய்ய வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, இச்செய்தியைப் படிக்கும்போது நம்முள் ஓர் எளிய கேள்வி எழ வேண்டும். 2011-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி நிலநடுக்கம் வந்தவுடன், இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் சில நொடிகளில் தாமாகவே நின்றுவிட்டன. கட்டுப்பாட்டுத் தண்டுகள் சரியாக உள்ளே நுழைந்தன. அணுக்கருப் பிளவு நின்றது. நின்றுபோன உலை எப்படி உருகியது? இதற்கான விடை, உலைக்குள் இருக்கும் விரல் பருமனுள்ள ஒரு கோலில் இருக்கிறது. அந்தக் கோலைப் புரிந்துகொண்டால், அணுமின்சாரம் பற்றி நாம் கேட்கும் கேள்விகளும் மாறும்.

விரல் பருமனுள்ள கோல்

பெரும்பாலான அணு உலைகளின் எரிபொருள் யுரேனியம் ஆக்சைடு. இதைப் பொடியாக அழுத்தி, உயர் வெப்பத்தில் சுட்டு, பீங்கான் போன்ற சிறு வில்லைகளாகச் செய்கிறார்கள். ஒவ்வொரு வில்லையும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரமும் அதே அளவு குறுக்களவும் கொண்டது. இந்த வில்லைகளைப் புட்டுக் குழாயில் மாவை அடைப்பதுபோல், சுமார் நான்கு மீட்டர் நீளமுள்ள மெல்லிய உலோகக் குழாயில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். பின்பு ஹீலியம் வாயுவை நிரப்பி, இரு முனைகளையும் பற்றவைத்து மூடுகிறார்கள். இதுவே எரிபொருள் கோல். இத்தகைய கோல்கள் பலவற்றைச் சேர்த்துக் கட்டியதே ஓர் எரிபொருள் கட்டு.

குழாய் சிர்க்கோனியம் என்னும் உலோகத்தின் கலவையால் ஆனது. சிர்க்கோனியம் நியூட்ரான்களை அதிகம் விழுங்காது. சுடுநீரில் எளிதில் அரிக்கப்படவும் செய்யாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பல உலைகளில் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர்தான். யுரேனியம் பிளக்கும்போது உண்டாகும் கதிரியக்கப் பொருள்களுக்கும் வெளியுலகிற்கும் இடையே நிற்கும் முதல் சுவர் இதுவே.

இந்தக் கோல் தாங்கும் சுமை எவ்வளவு? இயங்கும் உலையில் ஒரு கோலின் ஒவ்வொரு மீட்டர் நீளமும் 15 முதல் 20 கிலோவாட் வெப்பத்தை வெளியிடுகிறது. வீட்டில் குளிக்க வெந்நீர் போடும் 2 கிலோவாட் கீசர்கள் எட்டு, பத்து சேர்ந்து தரும் வெப்பம் அது. பீங்கான் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே வில்லையின் நடுப்பகுதி 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்க, குழாயின் வெளிப்புறம் 300 டிகிரியை ஒட்டி இருக்கிறது. இந்தப் பெரிய வேறுபாடு முழுவதும் நான்கைந்து மில்லிமீட்டர் தூரத்திற்குள் அடங்கியுள்ளது.

குளிர்ந்த கண்ணாடித் தம்ளரில் கொதிக்கும் தேநீரை ஊற்றினால் என்ன ஆகும்? ஒரு பக்கம் விரிய, மறுபக்கம் விரியாமல், விரிசல் விழும். எரிபொருள் வில்லைக்கும் இதுவே நேர்கிறது. உலை முதன்முறை முழுத் திறனை எட்டும்போதே வில்லைகளில் விரிசல்கள் தோன்றிவிடுகின்றன. இது எதிர்பாராத விபத்து அன்று. வடிவமைப்பாளர்கள் கணக்கில் எடுத்துக்கொண்ட ஒன்றுதான்.

கதிர்வீச்சு உள்ளே செய்யும் வேலை

வெப்பம் ஒரு பக்கம் என்றால், கதிர்வீச்சு மறுபக்கம். ஒரு யுரேனியம் அணு பிளந்தவுடன் அதன் இரு துண்டுகளும் மிகுந்த வேகத்தில் சிதறி, அருகிலுள்ள அணுக்களை இடம்பெயர்க்கின்றன. நியூட்ரான்கள் வில்லையைத் தாண்டிக் குழாயின் உலோகத்தையும் தாக்குகின்றன. கோல் உலையில் இருக்கும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில், அந்த உலோகத்தின் ஒவ்வோர் அணுவும் பலமுறை தன் இடத்தைவிட்டுத் தள்ளப்படுகிறது. அதனால் உலோகம் கடினமாகிறது. கடினமாவது நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் வளைந்து கொடுக்கும் தன்மை குறைந்து, அது எளிதில் முறியக்கூடியதாகிறது. குழாய் சிறிது சிறிதாக நீளவும் செய்கிறது.

வில்லைக்குள்ளும் மாற்றங்கள் நிகழ்கின்றன. நூறு அணுக்கள் பிளந்தால், அவற்றிலிருந்து ஏறத்தாழ 25 முதல் 30 வாயு அணுக்கள் உண்டாகின்றன. செனான், கிரிப்டான் என்னும் இந்த வாயுக்கள் புளித்த மாவில் குமிழிகள் தோன்றுவதுபோல் வில்லைக்குள் குமிழிகளாகச் சேர்ந்து, அதை உப்பச் செய்கின்றன. ஒரு பகுதி வெளியேறிக் குழாயின் உள்ளே அழுத்தத்தைக் கூட்டுகிறது. தொடக்கத்தில் வில்லைக்கும் குழாய்க்கும் இடையே தலைமுடி அளவு இடைவெளி இருக்கும். வில்லை உப்ப, வெளியே உள்ள நீரின் அழுத்தத்தால் குழாய் உள்நோக்கிச் சுருங்க, நாளடைவில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டு அழுத்துகின்றன. அந்த நிலையில் உலையின் திறனைத் திடீரென்று கூட்டினால் குழாயில் விரிசல் விழலாம். பிளவில் உண்டாகும் அயோடின் அந்த விரிசலை மேலும் ஊக்குவிக்கிறது. எனவேதான் இயக்குநர்கள் திறனை மெல்ல மெல்லக் கூட்டுகிறார்கள்.

குழாயின் வெளிப்புறமோ நீரோடு மெதுவாக வினைபுரிந்து ஆக்சைடு படலத்தை உருவாக்குகிறது. அப்போது வெளிப்படும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி உலோகத்திற்குள் புகுந்து அதை மேலும் நொறுங்கக்கூடியதாக்குகிறது. இப்படி வெப்பம், கதிர்வீச்சு, அழுத்தம், அரிப்பு ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் தாங்கி நிற்கிறது அந்த மெல்லிய சுவர். நீர் சூழ்ந்திருக்கும் வரை அது தாங்கும். இன்று உலகின் பெரும்பாலான உலைகளில் மிகப் பெரும்பான்மையான கோல்கள் பழுதின்றித் தங்கள் காலத்தை முடிக்கின்றன என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும்.

நிறுத்தினாலும் நிற்காத வெப்பம்

விறகடுப்பில் சமைக்கும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்: கொள்ளியை வெளியே இழுத்துவிட்டாலும் தணல் உடனே ஆறாது. சாம்பல் மூடியிருந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, எரிபொருள் கோல் அதுதான்.

பிளவுகள் நின்றபின்னும், ஏற்கெனவே பிளந்து கோலுக்குள் சேர்ந்திருக்கும் கதிரியக்கப் பொருள்கள் தொடர்ந்து சிதைகின்றன. அந்தச் சிதைவு வெப்பத்தைத் தருகிறது. உலை நிறுத்தப்பட்ட நொடியில் இது முழு வெப்பத்தில் ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு. ஒரு மணி நேரத்திற்குப்பின் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. ஒரு நாள் கழித்து ஏறத்தாழ அரை விழுக்காடு. விழுக்காடு சிறிது, ஆனால் முழு அளவு மிகப் பெரியது. ஃபுக்குஷிமாவின் 1-ஆம் உலை, மூன்றில் சிறியது. அதன் முழு வெப்பத் திறன் 1,380 மெகாவாட். அதில் ஒன்றரை விழுக்காடு என்றாலே ஏறத்தாழ 20 மெகாவாட், அதாவது பத்தாயிரம் கீசர்கள் தரும் வெப்பம். இதை எந்தப் பொத்தானாலும் நிறுத்த முடியாது. நீரால் எடுத்துச் செல்ல மட்டுமே முடியும். நீரைச் செலுத்த எக்கிகள் வேண்டும். எக்கிகளை இயக்க மின்சாரம் வேண்டும்.

அன்று மாலை நடந்தது

பிற்பகல் 2.46-க்கு நிலநடுக்கம். வெளியிலிருந்து வந்த மின்சாரம் துண்டிக்கப்பட்டது. டீசல் மின்னாக்கிகள் ஓடத் தொடங்கின. ஏறத்தாழ 50 நிமிடங்களில் ஆழிப்பேரலை வந்தது. தாழ்ந்த தளங்களில் வைக்கப்பட்டிருந்த மின்னாக்கிகளும் மின் இணைப்புப் பலகைகளும் நீரில் மூழ்கின. 1-ஆம் உலையில் குளிர்விப்பு நின்றது. உலைக்குள் இருந்த நீர் கொதித்து ஆவியாகி, அன்று மாலைக்குள்ளாகவே கோல்களின் மேற்பகுதி வெளியே தெரியத் தொடங்கியது. 2, 3-ஆம் உலைகளில் ஆவியால் இயங்கும் எக்கிகள் இன்னும் சில நாள்கள் தாங்கின. பின்பு அவையும் நின்றன.

நீர் விலகியதும் அந்த மெல்லிய சுவரின் குணமே மாறிவிடுகிறது. வெப்பம் ஏற ஏறக் குழாய் பலவீனமாகி, உள்ளேயுள்ள வாயு அழுத்தத்தால் பலூன்போல் உப்பி வெடிக்கிறது. 1,200 டிகிரியை நெருங்கும்போது சிர்க்கோனியம் நீராவியோடு மிக வேகமாக வினைபுரிகிறது. இந்த வினை தானே வெப்பத்தை உண்டாக்கி, மேலும் வேகமெடுக்கிறது. கூடவே பெருமளவில் ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. இதைக் கருத்தில் கொண்டுதான், விபத்து நேரத்திலும் குழாயின் வெப்பம் ஏறத்தாழ 1,200 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கா 1970-களிலேயே விதி வகுத்தது. ஃபுக்குஷிமாவில் அந்த எல்லை மீறப்பட்டது. குழாய்கள் உருகின, யுரேனியம், சிர்க்கோனியம், இரும்பு எல்லாம் கலந்து கீழே வழிந்தன. மார்ச் 12-இல் 1-ஆம் உலைக் கட்டடமும், 14-இல் 3-ஆம் உலைக் கட்டடமும் வெடித்தன. பலர் நினைப்பதுபோல் அது அணுகுண்டு வெடிப்பு அன்று. மின் உலை அணுகுண்டுபோல் வெடிக்க முடியாது. வெடித்தது, அந்த உலோகக் குழாய்களிலிருந்து பிறந்த ஹைட்ரஜன்.

அதன் விலையை யார் கொடுத்தார்கள்? 1,60,000-க்கும் மேற்பட்ட மக்கள் தங்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். மருத்துவமனைகளிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் அவசரமாக இடம் மாற்றப்பட்ட நோயாளிகள் பலர் உயிரிழந்தார்கள். உருகிய எரிபொருளைக் குளிர்விக்க ஊற்றப்படும் நீரும், உள்ளே கசியும் நிலத்தடி நீரும் கதிரியக்கம் கொண்டதாகி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளில் தேங்கின. சுத்திகரித்த பின்னும் டிரிட்டியம் கொண்டிருக்கும் அந்த நீரை 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24 முதல் கடலில் விடத் தொடங்கினார்கள். திட்டம் பன்னாட்டுத் தரங்களுக்கு ஏற்றது என்று பன்னாட்டு அணுசக்தி முகமை கூறியது. உள்ளூர் மீனவர்களோ தங்கள் மீனை இனி யார் வாங்குவார் என்று கேட்டார்கள். அதே மாதத்தில் சீனா ஜப்பானின் கடல் உணவுக்குத் தடை விதித்தது. அளவீடுகள் ஒரு பக்கம், மக்களின் நம்பிக்கை மறுபக்கம். இரண்டில் எது உடைந்தாலும் வயிறு காய்வது மீனவருக்குத்தான்.

அறியாமல் நடந்ததா?

இது எவரும் அறியாத ஆபத்து அன்று. 1979-ஆம் ஆண்டு மார்ச் 28-இல் அமெரிக்காவின் மூன்று மைல் தீவு நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் போனது. உலையில் நீர் அதிகமாக இருக்கிறது என்று தவறாக எண்ணிய பணியாளர்கள், உள்ளே சென்ற நீரைக் குறைத்தார்கள். உலை நின்றுதான் இருந்தது. ஆயினும் எஞ்சிய வெப்பத்தாலேயே எரிபொருளில் ஏறத்தாழ பாதி உருகியது. எவ்வளவு சேதம் என்பது 1982-இல் உள்ளே கேமராவை இறக்கிப் பார்த்தபோதுதான் தெரியத் தொடங்கியது. எரிபொருளை அகற்றி முடிக்க 1990-ஆம் ஆண்டு ஆனது.

ஃபுக்குஷிமாவிலும் எச்சரிக்கை இருந்தது. 15.7 மீட்டர் உயர அலை வரக்கூடும் என்ற கணக்கீடு 2008-ஆம் ஆண்டிலேயே டெப்கோவிடம் இருந்தது. ஆனால் தடுப்பு எழுப்பப்படவில்லை. ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு 2012-இல் தன் அறிக்கையில், இது மனிதரால் விளைந்த பேரழிவு என்றே குறிப்பிட்டது. மேற்பார்வையிட வேண்டியவர்களும் மேற்பார்வைக்கு உட்பட்டவர்களும் நெருங்கிப் பழகியதே பெருங்குறை என்றது. ஆக, கோல் தன் இயல்பின்படியே நடந்தது. தவறியது அதைச் சூழ்ந்திருந்த மனிதப் பொறுப்பு.

ஜப்பான் ஆயர்கள் 2011-ஆம் ஆண்டு நவம்பரிலேயே அணுமின் நிலையங்களை மூடும்படி கேட்டுக்கொண்டார்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2019-ஆம் ஆண்டு நவம்பரில் ஜப்பானில் பேரிடரால் பாதிக்கப்பட்டோரைச் சந்தித்தார். திரும்பும் வழியில் விமானத்தில், முழுமையான பாதுகாப்பு உறுதியாகும்வரை தாம் அணுசக்தியைப் பயன்படுத்த மாட்டேன் என்பதைத் தம் சொந்தக் கருத்தாகத் தெரிவித்தார். இதில் நம்மிடையே மாற்றுக் கருத்து உடையோரும் உண்டு. நிலக்கரிப் புகையையும் வெப்பமாகும் பூமியையும் சுட்டிக்காட்டி, அணுமின்சாரம் தேவை என்பார்கள். அவர்களது கவலையும் பொருளற்றது அன்று.

நம் கடற்கரையில்

கூடங்குளத்தின் உலைகளும் சிர்க்கோனியக் குழாய்களைக் கொண்டவையே. ஓர் உலையில் 163 எரிபொருள் கட்டுகள். கோல்கள் என்று எண்ணினால் ஏறத்தாழ 50,000. முதல் உலை 2013-ஆம் ஆண்டு அக்டோபரிலும், இரண்டாவது 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் மின்கட்டமைப்பில் இணைந்தன. 2017-இல் மேலும் இரண்டுக்கும், 2021-இல் இன்னும் இரண்டுக்கும் கட்டுமானம் தொடங்கியது.

ஃபுக்குஷிமாவின் பழைய உலைகளில் இல்லாத சில ஏற்பாடுகள் இங்கு உண்டு. மின்சாரமின்றி, காற்றின் இயல்பான ஓட்டத்தால் எஞ்சிய வெப்பத்தை அகற்றும் அமைப்பு உள்ளது. ஹைட்ரஜனைச் சேரவிடாமல் நீராக மாற்றும் கருவிகள் உள்ளன. உருகிய எரிபொருளை ஏந்திக்கொள்ளும் கலமும் உலையின் அடியில் உள்ளது. இவற்றை மறைத்து அச்சத்தை மட்டும் பரப்புவது உண்மைக்கு ஊழியம் ஆகாது. அதேபோல, இவை இருப்பதால் கேள்வியே கேட்கக் கூடாது என்பதும் சரியாகாது. 2022 முதல், எரிபொருளை மாற்றும் இடைவெளியை 12 மாதங்களிலிருந்து 18 மாதங்களாக நீட்டிக்க உதவும் புதுவகைக் கட்டுகள் இங்கு வந்துள்ளன. ஒரு கோல் எவ்வளவு கூடுதலாக உழைக்கிறதோ, அவ்வளவு வாயுவும் அரிப்பும் அதற்குள் சேரும். அதற்கேற்ற சோதனை வேண்டும். சோதனையின் முடிவு மக்களுக்கும் தெரிய வேண்டும்.

அறிவியலாளர்களும் வாளாவிருக்கவில்லை. ஃபுக்குஷிமாவிற்குப்பின், நீராவியோடு எளிதில் வினைபுரியாத குழாய்களைத் தேடுகிறார்கள். குரோமியம் பூசிய சிர்க்கோனியம், இரும்பு-குரோமியம்-அலுமினியக் கலவை, சிலிக்கன் கார்பைடு ஆகியவை ஆராயப்படுகின்றன. சில வகைகள் 2018 முதல் அமெரிக்க உலைகளில் சோதிக்கப்படுகின்றன. இவை சில மணி நேர அவகாசத்தைத் தரலாம். எஞ்சிய வெப்பத்தை இல்லாமல் ஆக்க இவற்றால் முடியாது.

நாம் கேட்க வேண்டியவை

2025-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம், அணுமின் துறையில் தனியாரும் நுழைய வழி திறந்துள்ளது. உலைகளின் எண்ணிக்கையும் நடத்துவோரின் எண்ணிக்கையும் கூடும் காலம் இது. இந்நேரத்தில் நாம் கேட்க வேண்டியவை மிக எளிய கேள்விகள்.

வெளி மின்சாரமும் டீசலும் ஒருசேர நின்றால், எத்தனை நாள்களுக்கு நீர் கிடைக்கும்? உலையிலிருந்து எடுத்த பழைய கோல்களைப் பல ஆண்டுகள் குளத்தில் மூழ்க வைக்க வேண்டுமே, அந்தக் குளத்தைக் காப்பது யார்? அதன்பின் அவை எங்கே போகும்? எச்சரிக்கைக் கணக்கீடு ஒன்று வந்தால் அதை மேசையிழுப்பறைக்குள் வைக்காமல் செயல்படுத்த வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அந்த அதிகாரம் உலையை நடத்துவோரைச் சாராமல் இருக்கிறதா? கடற்கரையில் வாழும் மக்களுக்கு வெளியேறும் வழியும் பயிற்சியும் உண்டா?

இவற்றைக் கேட்பவர் வளர்ச்சிக்கு எதிரி அல்லர். 2011-இல் இடிந்தகரையில் பந்தலின் கீழ் அமர்ந்த தாய்மார்கள் கேட்டதும் ஏறத்தாழ இவற்றையே. 2013-ஆம் ஆண்டு மே 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கூடங்குளம் இயங்க அனுமதித்தபோது, பாதுகாப்பு தொடர்பாக 15 வழிகாட்டுதல்களையும் விதித்தது. எளிய மக்கள் கேள்வி கேட்டு, அது நீதிமன்றம்வரை சென்றதால் கிடைத்தவை அவை.

அன்பார்ந்தவர்களே, மின்சாரத்தைப் பயன்படுத்துவது நாம். கோல்களை நீரில் வைத்துக் காக்கப்போவதோ நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். ஐந்து ஆண்டுகள் எரிந்து வெளிச்சம் தரும் ஒரு கோலை அதற்குப்பின் தலைமுறை தலைமுறையாகக் காக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காவலுக்கு யார் பொறுப்பு என்பதை உலை கட்டப்படும் முன்பே கேட்பதும், இயங்கும் நாளெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பதும் நம் கடமை.